அம்மாவின் படத்திலிருந்து நான் எடுத்த மஞ்சள்

தம்பி,

இந்தக் கடிதத்தை வேலை இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் பிரித்துவிடாதே. அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து படி. இதை எழுத எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இரண்டு தடவை பாதியில் கிழித்துப் போட்டேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிள்ளைக்கு அப்பா எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டிய சந்தோஷம் இதில் குறைவாகத்தான் இருக்கும். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரே பொய்யை எட்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடந்ததில் வந்த அலுப்பு.

போன மாதம் நீ எழுதியிருந்தாய். தாப்பாவில் பெண் வீட்டார் கோயில் மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டார்கள் என்றும், மணவறைக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு மாலை சாத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். 'அந்தக் கடைசிப் படத்தின் நெகட்டிவ் உங்களிடம் இருக்கும்தானே அப்பா, அதில்தான் அம்மா நல்லா இருப்பாங்க' என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் கடைக்குப் போனேன், வேலை பார்த்தேன், வீட்டுக்கு வந்து மறுபடி அதையே படித்தேன். சிங்கப்பூரில் எத்தனை அறை மாறினாயோ அத்தனை அறையிலும் அந்தப் படத்தைத்தான் மாட்டியிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் அதை நான் ஒரு நாளும் உட்கார்ந்து சொன்னதில்லை.

நான் ஈப்போவுக்கு வந்து போட்டோக் கடையில் சேர்ந்தபோது அங்கே எல்லாம் கருப்பு வெள்ளைதான். அடையாளக் கார்டு படம், கல்யாணப் படம், செத்தவர்களைச் சாய்த்து உட்கார வைத்து எடுக்கும் படம். எழுபதுகளின் தொடக்கத்தில் கடை முதலாளி தவுக்கே கலர் பிரிண்ட் போடும் சாமான்களை வாங்கி மாடியில் ஓர் இருட்டறை கட்டினார். என்னைக் கூப்பிட்டு, உனக்குக் கண் நன்றாக இருக்கிறது, நீ கற்றுக்கொள் என்றார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய ஏற்றம். கலர் படத்தில் வெளிச்சம் தன் நிறத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் பூசிவிடும். குண்டு பல்பு மஞ்சளைப் பூசும், டியூப் லைட் பச்சையைப் பூசும், மர நிழல் நீலத்தைப் பூசும். மனிதக் கண் அதைத் தானாகக் கழித்துவிட்டுப் பார்க்கும். ஃபிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அந்தப் பூச்சை எடுப்பதுதான் என் வேலை. படத்தில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேடுவேன். பள்ளிக்கூடச் சட்டை, வேட்டி, தட்டில் இருக்கும் சோறு, ஏதாவது ஒன்று. அது வெள்ளையாக வரும்வரை, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால், படத்தில் மஞ்சள் அதிகமாக இருந்தால் மஞ்சள் ஃபில்டரையே இன்னும் கூட்டிப் போட வேண்டும். வெள்ளை வெள்ளையாகிவிட்டால் மற்ற நிறமெல்லாம் தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறாம் வகுப்பில் உங்கள் வகுப்புப் படத்தை ஹாலுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்து, வேறு ஏதோ கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். வாத்தியாரிலிருந்து கடைசிப் பையன் வரை எல்லோரும் பச்சை. நீ அழுதுகொண்டே வந்தாய். நான் நெகட்டிவை இரவல் வாங்கிவந்து, உன் சட்டையை வெள்ளையாக வைத்து நாற்பது பேருக்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளிடமும் பள்ளிக்கூடத்திலும், "எங்கப்பா கலரையே சரி பண்ணிருவாருலா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. என் கையால் வந்த படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையை உனக்குள் போட்டவன் நான்தான்.

படங்களில் நான் பொய்யே போடவில்லை என்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் படம் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் மாடிப்படிவரை ஏறி வந்துவிடுவார்கள். "கொஞ்சம் செவப்பாப் போடுங்கண்ணே, புண்ணியமாப் போவும்." நானும் போடுவேன். அந்த வித்தை கைக்கு வந்த புதிதில் உன் அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுக்கிறேன் என்று நினைத்து, அவள் படம் ஒன்றை நன்றாகச் சிவக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவள். வெயிலும் மழையும் தின்ற கருப்பு அவளுடையது. படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பொம்பளைய எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படத்தைக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு, "நான் இருக்கிற மாதிரி போட முடிஞ்சா போடுங்க. இல்லாட்டி வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு அவளை நான் அவளாகவே போட்டேன், ஒரே ஒரு படம் தவிர.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அவளுக்கும் வேலை போய், நான் தினம் வந்துபோய்க்கொண்டிருந்த ஈப்போவிலேயே நாம் வாடகை வீட்டுக்கு வந்தோம். அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையலுக்குப் போனாள். நீ படிப்பை முடித்துவிட்டுச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பினாய். ஸ்டேஷனில் உன் பெட்டியை நான் தூக்க வந்தபோது நீ கொடுக்கவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் உன் கடிதம் வந்தது. செமோர் மாமா உனக்கு எழுதியிருந்தார், அம்மா ரொம்ப இளைத்துவிட்டாள், ஒரு தடவை வந்து பார் என்று. நீ என்னைக் கேட்டிருந்தாய்: 'இன்னும் வேலை நிரந்தரம் ஆகலைப்பா. இப்ப லீவு போட்டா அனுப்பிருவாங்கன்னு சொல்றாங்க. ஆனா அம்மாவுக்கு முடியலைன்னா வந்துர்றேன். நீங்க சொல்லுங்க.' முடிவை என் கையில் கொடுத்திருந்தாய். அதை நான் எப்படி எடுத்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எனக்கு என்ன, சாப்பாடு எறங்கல, அசதியா இருக்கு, அவ்வளவுதான். அதுக்குப் போய் அவன் வேலையக் கெடுக்கறதா? ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பாத்தா மனசு ஆறிருவான்" என்றாள். மறுநாள் மத்தியானம் கடைக் கேமராவைக் கொண்டுவந்தேன். நாலு மணிக்கே வானம் இருட்டி மழை கொட்டியது. கதவைச் சாத்தி நடுவீட்டுக் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவள் தலைக்கு மேலே எங்கள் கடைக் காலண்டர் தொங்கியது. தவுக்கே வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க வருஷா வருஷம் அச்சடிப்பாரே, பெரிய வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து, அதுதான். "சிரி" என்றேன். "சிரிச்சிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள்.

அதற்கடுத்த நாள் மாடியில் அந்தப் படத்தைப் போட்டேன். காலண்டர் தாளை வெள்ளையாக வைத்துக்கொண்டேன். அதைவிட நிச்சயமான வெள்ளை எனக்கு வேறு எது? ஒவ்வொரு நாளும் பார்க்கிற தாள். பிரிண்டைக் கழுவிக் காய வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். காலண்டர் வெள்ளையாக இருந்தது. சேலை அந்தச் சேலையின் பச்சை. ஆனால் உன் அம்மாவின் கண் மஞ்சளாக இருந்தது. லேசாக அல்ல. கருவிழியைச் சுற்றி மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிட்டால் உனக்கும் எனக்கும் சுலபம். இரண்டு தடவை கிழித்துப் போட்ட கடிதங்களில் அப்படித்தான் எழுதியிருந்தேன். உண்மை என்னவென்றால், அந்த ஜன்னல் ஓரத்தில் நின்றபோது இது நோயின் மஞ்சளோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அப்புறம் எனக்கு நானே, பல்பு வெளிச்சம் மேலேயிருந்து முகத்தில் விழுந்திருக்கிறது, அந்த மஞ்சள்தான் கண்ணில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஏழு வருஷம் கலர் போட்டவனுக்கு, பல்பின் மஞ்சள் கண்ணில் மட்டும் வந்து உட்காராது என்று தெரியாதா? தெரியும். ஆனால் இருட்டறைக்குள் திரும்பிப் போனேன். மஞ்சள் ஃபில்டரைக் கூட்டினேன். இரண்டாவது பிரிண்டிலும் கண் தெளியவில்லை. இன்னும் கூட்டினேன். மூன்றாவதில் அவள் கண் வெள்ளையாக வந்தது, முகமும் தெளிந்தது. ஐந்து வருஷம் முன்னால் இருந்த மாதிரி இருந்தாள். முதல் இரண்டையும் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

எங்கள் கடையில் ஆ லான் என்று ஒரு சீனப் பெண் இருந்தாள். காய்ந்த பிரிண்டுகளில் தூசி விழுந்த புள்ளிகளை மெல்லிய தூரிகையால் தொட்டு மறைப்பது அவள் வேலை. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவள், தமிழும் மலாயும் கலந்து பேசுவாள். அந்தப் படம் அவள் மேஜைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். படத்தை எங்கள் கடைச் சுவரில் தொங்கிய அதே காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இது நம்ம கலெண்டர்லா. இங்க பூத்தே. அண்ணே வீட்டுல பீருவா?"

வெள்ளை, நீலம் என்று இரண்டையும் மலாயில் சொல்லி விரலால் தொட்டுக் காட்டினாள். படத்தில் காலண்டர் நீலம் பாரித்துக் கிடந்தது. பின்னால் இருந்த சுவரும் அப்படித்தான்.

"நெழல்ல அப்படித்தான் வரும். நீ புள்ளிய மட்டும் பாரு" என்றேன்.

"நெழலா? பல்பு போட்டு எடுத்தது இல்ல? அக்காவுக்கு ஒடம்பு நல்லா இருக்கா அண்ணே?"

"ஒனக்கு யாரு கலர் சொல்லிக் குடுத்தா?" என்று கத்தினேன். கீழே வாடிக்கைக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். ஆ லான் படத்தை மேஜையில் வைத்தாள். உட்கார்ந்து புள்ளிகளைத் தொட ஆரம்பித்தாள். அவள் கேட்டது சின்னக் கேள்வி. அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பேன். என் வேலையை வேறு ஒருத்தி குறை சொல்கிறாள் என்பதுதான் என் காதில் விழுந்தது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். முன்பு ஒரு தடவை கவிழ்த்து வைத்தவள், இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. நெடு நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேன் இதுல" என்றாள். பிறகு, "திங்கக்கெழம கிளினிக்குக்குப் போலாம்னு நெனச்சேன். இதப் பாத்தா தேவையில்லாத மாதிரி இருக்கு" என்றாள். நான் பேனாவை எடுக்கப் போனேன். தம்பி, அவளையும் நான் ஏமாற்றினேன். கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து அவளுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அந்தப் படத்தை வைத்து அவள் அதைத் தீர்த்துக்கொண்டாள். நான் படத்தின் பின்னால் 'அம்மா நலம், நீ வேலையைப் பார்' என்று எழுதித் தபாலில் போட்டேன். உன் வேலை போய்விடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம். அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொள்வாள். நான் பவுடர் வாங்கிக் கொடுத்தேன். மீன் வாடை பட்டாலே எழுந்து போய்விடுவாள். வீட்டுக்குள் அதே குண்டு பல்பு, அதே முகம். நான் விடியுமுன்னே கிளம்பி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவன். ஒரே நிறத்தை நாள் முழுக்கப் பார்த்தால் கண் அதற்குப் பழகி அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். கடையில் அதற்காகவே அரை மணிக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே பார் என்று தவுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார். அதைக் கடையில் மட்டும் தவறாமல் செய்தேன்.

ஒரு நாள் காலை கேன்டீனிலிருந்து அவளோடு வேலை செய்யும் மலாய்க்கார அம்மா, நாம் மாச்சிக் என்று கூப்பிடுவோமே, அவர் உன் அம்மாவைக் கைப்பிடித்து நேராக எங்கள் கடை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். நல்ல வெயில். மாச்சிக் என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"மாத்தா கூனிங்! நீ பாக்கலையா? தெங்கோ லா, தெங்கோ!"

கண் மஞ்சள், பார், பார் என்று அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினார். நான் பார்த்தேன். கண் மட்டும் இல்லை, உள்ளங்கை, நகத்தடி எல்லாம் மஞ்சள். உன் அம்மா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேன்டீன்ல சோறு வடிக்கணும், நேரமாச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் தமிழ் டாக்டர். அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார், "எத்தன நாளா இப்படி இருக்கு?" நான், "இன்னைக்குத்தான் டாக்டர் பாத்தோம்" என்றேன். அவர், "இது இன்னைக்கு வந்த மஞ்சள் இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பித்தம் இறங்கும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம், உடம்பில் தெம்பு இல்லை, முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சம் நல்லது என்று பிறகு விளக்கினார். முன்னாலேயே போயிருந்தால் உன் அம்மா பிழைத்திருப்பாளா என்று நான் அவரைக் கேட்கவில்லை. இன்றுவரை யாரையும் கேட்கவில்லை. பிழைக்காமலே போயிருக்கலாம். ஆனால் அந்த ஏழு வாரம் உனக்கு இருந்திருக்கும். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், அவள் உன்னிடம் பேசியிருப்பாள். அதை எடுத்துப் போட்டவன் நான்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அவனுக்கு அந்தப் படத்த அனுப்பிட்டீங்கதானே?"

"அப்பவே அனுப்பிட்டேன்."

"அப்ப அவன் வர மாட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதுவரை நான் உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. ஆப்பரேஷன் முடிந்து நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எழுந்து தபால் ஆபீசுக்கு ஓடினேன். நீ கிடைத்த பஸ்ஸில் ஏறி, வழியில் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாய். ஆப்பரேஷனுக்கு மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள். நீ மத்தியானம் வந்தாய்.

சாவு வீட்டில் நீ செய்தது எனக்கு மறக்கவில்லை. சட்டைப் பையில் அந்தப் படத்தை வைத்திருந்தாய். வருகிறவர்கள் எல்லோரிடமும் அதை எடுத்துக் காட்டினாய். "ரெண்டு மாசத்துக்கு முன்னால எடுத்ததுங்க. பாருங்க, நல்லாத்தானே இருந்தாங்க? நல்லா இருந்தாங்கன்னுதானே நான் வரல?" உன் மாமா உன்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, திடீர்னு எப்படிப்பா?" என்று கேட்டாய். நான், "திடீர்னுதான்யா வந்திருச்சு" என்றேன். ஆ லான் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் படம் கொண்டுவந்து கொடுக்கும்போது நிறத்தைப் பற்றி மட்டும் எதுவும் பேச மாட்டாள்.

அதற்கப்புறம் நீ அடிக்கடி வந்தாய். லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எனக்கு ஒரு காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் உடனே வந்து நின்றாய். ஒரு தடவை சம்பளத்தை வெட்டினார்கள் என்று நண்பன் சொல்லித் தெரிந்தது. அம்மா விஷயத்தில் தாமதமாகிவிட்டோம் என்று நினைத்து நீ உன்னையே தண்டித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது தெரிந்தது. உன் பாசத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். மனிதன் எவ்வளவு சின்னவனாக முடியும் என்று என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு செமோருக்குப் போனேன். மாமா முன்வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எந்தங்கச்சிக்குத் தெரியுமா இது?" என்று கேட்டார்.

"கடைசியில தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"நான்தானே அவனுக்கு எழுதுனேன், வந்து பாருன்னு. அவன் வரலைன்னு எத்தன நாள் மனசுக்குள்ள அவனத் திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார். உள்ளே அத்தை காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. காப்பி வந்தது, நாங்கள் இரண்டு பேரும் குடிக்கவில்லை. நான் எழுந்தபோது அவர் சொன்னார், "மச்சான், பையன்கிட்ட சொல்லிட்டு அப்புறம் மணவறையில போய் நில்லுங்க. சொல்லாம நின்னா நான் வர மாட்டேன்."

அதனால் எழுதுகிறேன். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அது நிச்சயமில்லை.

இந்தப் பொட்டலத்தில் நெகட்டிவையும் வைத்திருக்கிறேன், பெரிதாகப் போட்ட ஒரு பிரிண்டும் இருக்கிறது. போன வாரம் போட்டது. காலண்டரை வெள்ளையாக வைத்துப் போட்டேன். உன் அம்மா அன்றைக்கு இருந்தபடி இருக்கிறாள். கண் மஞ்சள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். மண்டபத்தில் எதை வைப்பது என்று நீயே முடிவு செய். கல்யாண நாளில் மாலைக்கு நடுவே நீ பழைய படத்தையே வைத்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை, அதிலும் சிரிப்பு அவளுடையதுதான். ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டு வை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் நீ இனி ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய், அதனால் சொல்கிறேன். வேலையில் உனக்கு வந்திருக்கும் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாதே. அவள் முகத்தை வீட்டு விளக்கில் மட்டும் பார்த்துப் பழகிவிடாதே, அவளோடு வெளியே நட, கடைக்கோ கோயிலுக்கோ, பகலில். உடம்புக்கு முடியவில்லை என்று அவள் சொன்னால் ஒரு தடவையிலேயே நம்பு, ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதை மட்டும் உடனே நம்பாதே. மூன்றாம் மனிதர் யாராவது உன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்காதே. கேள்வியைப் பார். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் தூரத்தில் இருந்து, 'வரட்டுமா' என்று கேட்டால், வா என்று சொல். வேலை போனால் வேறு வேலை.

நீ அம்மாவைப் பார்க்க வராதவன் இல்லை. வருகிறேன் என்று எழுதிக் கேட்டவன். உன்னை வராமல் செய்தது நான். இதை நீ உன் மனைவியாகப் போகிற பெண்ணிடமும் சொல், உனக்காக அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமாவிடமும் அத்தையிடமும் பேசி வைத்திருக்கிறேன். பெற்றவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் நிற்கத் தயாராக இருக்கிறார்கள், அதனால் சடங்குக்கு எந்தக் குறையும் வராது. யாராவது கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம், வேறு எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள். நீ என்னை வரச் சொன்னால் வருகிறேன். தாப்பாவுக்கு இங்கிருந்து காலையில் நிறைய பஸ் இருக்கிறது. வேட்டியை வெளுக்கப் போடவில்லை. உன் பதில் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

அப்பா